மரச்சீனிக்கும் சாளைக்கும் நம் மரபணு பழகிவிட்டதா?

கடந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் சாப்பாடு, உடல்நலம், மனிதப் பரிணாமம் பற்றி மூன்று ஆய்வுச் செய்திகள் தமிழ் ஊடகங்களிலும் வாட்ஸாப் குழுக்களிலும் சுற்றின. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனித மூதாதையரிடம் பெருகத் தொடங்கியிருக்கலாம் என்பது 2024 அக்டோபரில் வந்தது. ஒல்லியான ஏழைகளுக்கு வரும் சர்க்கரை நோய்க்குச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என்று பெயர் சூட்டியது 2025 ஏப்ரலில். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் குழம்பத்தான் செய்யும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். சோறு, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), ஏத்தன்பழம் (நேந்திரம்) என்று மாவுச்சத்து நிறைந்த ஊர். கூடவே சாளை (மத்தி), நெத்தோலி, அயிலை (கானாங்கெளுத்தி), சூரை என்று கடல்மீனும் தேங்காயும் தாராளமாகப் புழங்கும் ஊர். ஆகவே செய்திகளைப் படித்தவர்கள் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். கிழங்கும் சோறும் நமக்குப் பரம்பரையாகப் பழகியது, ஒன்றும் செய்யாது என்கிறார் ஒருவர். ஆதிமனிதன் கறிதான் தின்றான், சோற்றை விட்டுவிடு என்கிறார் ‘கற்கால உணவை’ப் பின்பற்றும் பேலியோக்காரர். மரச்சீனி தின்றுதான் நம்மூரில் இத்தனை பேருக்குச் சர்க்கரை என்கிறார் இன்னொருவர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, முடிவு மட்டும் தப்பு. ஓர் உணவை நம் உடலால் செரிக்க முடியுமா என்பதைப் பரிணாமம் சொல்லும். அதை இன்றைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அடிப்படையாக மூன்று விஷயங்கள்

1. மரபணு என்பது உடல் ஒரு புரதத்தைச் செய்வதற்கான செய்முறைக் குறிப்பு. அந்தக் குறிப்பில் தலைமுறைக்குத் தலைமுறை சின்னச் சின்ன மாற்றங்கள் தற்செயலாக வரும்.

2. அப்படி வந்த மாற்றம் ஒருவர் உயிர் பிழைத்துப் பிள்ளை பெற உதவினால், அது மெல்ல மெல்லக் கூட்டத்தில் பரவும். இதுதான் இயற்கைத் தேர்வு. ஐம்பது வயதுக்கு மேல் வரும் சர்க்கரையையும் மாரடைப்பையும் அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, பிள்ளைகள் அதற்குள் பிறந்திருப்பார்கள். அதனால் ‘பரிணாமத்தில் தேறிய உணவு’ என்றால் ‘எண்பது வயது வரை நலம் தரும் உணவு’ என்று பொருளில்லை.

3. சில மரபணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நகல்களாக இருக்கும். நகல் கூடினால் அந்தப் புரதமும் பொதுவாகக் கூடுதலாகச் சுரக்கும்.

எச்சிலில் இருக்கும் கத்தரி

உப்பு மட்டும் போட்டு அவித்த மரச்சீனித் துண்டு ஒன்றை வாயில் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடம் நன்றாக மென்று பாருங்கள். குழம்போ துவையலோ தொடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. இந்த நொதியைச் செய்யும் மரபணுவின் பெயர் ஏஎம்ஒய்1. சிம்பன்சிக்கு இது இரண்டே நகல், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. மனிதர்களிடம் ஆளுக்கு ஆள் மாறும். சிலரிடம் இரண்டு மூன்று, பலரிடம் ஆறு ஏழு, சிலரிடம் பத்தையும் தாண்டும்.

2007இல் ஜார்ஜ் பெர்ரியும் குழுவினரும் ஒரு முக்கியமான ஒப்பீட்டைச் செய்தார்கள். ஒரு பக்கம் மாவுச்சத்து அதிகம் உண்ணும் ஜப்பானியர், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர், காட்டுக்கிழங்கு தோண்டித் தின்னும் தான்சானியாவின் ஹட்சா மக்கள். மறுபக்கம் மீன், பால், வேட்டைக்கறியை நம்பி வாழும் யாகுட் (சைபீரியா), டாடோக் (தான்சானியா), ம்புட்டி (காங்கோ) போன்ற கூட்டங்கள். முதல் பக்கத்தில் 70 சதவீதம் பேரிடம் ஆறோ அதற்கு மேலோ நகல்கள் இருந்தன. மறுபக்கத்தில் 37 சதவீதம் பேரிடம்தான். விவசாயம் வந்ததால் நகல் கூடியது என்ற கதை அப்போதுதான் பிரபலமானது.

2024இல் வந்த இரண்டு ஆய்வுகள் அந்தக் கதையைத் திருத்தின, முழுக்கத் தள்ளிவிடவில்லை. பஃபலோ பல்கலைக்கழகமும் ஜாக்சன் ஆய்வகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, பழைய எலும்புகளிலிருந்து எடுத்த 68 மரபணுத் தொகுதிகளைப் படித்தது. அதில் ஒருவர் 45,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்தவர். உழவுக்கு முந்திய வேட்டைக்காரர்களிடமும் நான்கு முதல் எட்டு நகல்கள் இருந்தன. முதல் இரட்டிப்பு 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இன்னொரு குழு ஐரோப்பியர்களைப் பார்த்து, கடந்த 12,000 ஆண்டுகளில் சராசரி நகல் நாலிலிருந்து ஏழுக்கு மேல் ஏறியிருக்கிறது என்றது. ஆக, பெருக்கம் தொடங்கியது கிழங்கும் நெருப்பும் இருந்த காலத்தில். உழவு வந்ததும் அது வேகம் பிடித்தது.

இதை வைத்துக்கொண்டு ‘சோறு நம் மரபணுவில் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம்’ என்பது ஏன் பொருந்தாது?

1. அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சர்க்கரை ரத்தத்தில் ஏறிய பிறகு அதை எங்கே கொண்டு சேர்ப்பது என்பது இன்சுலின், தசை, கல்லீரல் ஆகியவற்றின் வேலை. செரிமானம் ஒரு துறை, சர்க்கரைக் கட்டுப்பாடு இன்னொரு துறை.

2. எச்சில் நொதியின் வேலை பெரும்பாலும் இரைப்பை அமிலத்தோடு முடிந்துபோகும். மிச்ச மாவுச்சத்தைச் செரிப்பது கணையம் சுரக்கும் அமைலேஸ். அதற்கு வேறு மரபணு.

3. நகல் குறைந்தால் உடல் பருக்கும் என்று 2014இல் ஓர் ஆய்வு அடித்துச் சொன்னது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு இன்னும் துல்லியமான முறையில் எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை என்றது. ‘உங்கள் மரபணுவுக்கேற்ற சாப்பாட்டுத் திட்டம்’ என்று பணம் கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்த 2015 முடிவை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஆதிமனிதன் கறி மட்டுமா தின்றான்?

‘கற்கால உணவு’ என்ற யோசனைக்கு நவீன மருத்துவத்தில் பெரிய கவனம் கிடைத்தது 1985இல், ஈட்டன், கானர் என்ற இருவர் எழுதிய கட்டுரையால். நம் உடல் பழைய கற்காலத்துக்கானது, சாப்பாடு மட்டும் மாறிவிட்டது, அதனால் நோய் என்பது அதன் சாரம். அவர்களே செடி உணவுக்கும் அதில் கணிசமான இடம் கொடுத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கறி-முட்டை-நெய் என்று சுருக்கினார்கள்.

பழைய எலும்பும் பல்லும் சொல்லும் சாட்சி இடத்துக்கு இடம் மாறுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் குகையில் கிடைத்த ஆஸ்ட்ரலோபித்தெகஸ் பற்களின் எனாமலில் நைட்ரஜன் அணுக்களை அளந்து, சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர்கள் இறைச்சி அதிகம் உண்டதற்கு அடையாளமில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். பெருவின் ஆண்டிஸ் மலையில் 9,000 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைக் கூட்டத்தின் எலும்பைப் பார்த்தால், உணவில் சுமார் 80 சதவீதம் செடிகளிலிருந்து, அதிலும் பெரும்பாலும் கிழங்கிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம், கிரீன்லாந்தின் இன்யூட் மக்கள் பெரும்பாலும் கடல்நாய் (சீல்), திமிங்கிலக் கொழுப்பிலேயே வாழ்ந்தார்கள். ஆக, ஒரே ஒரு ‘ஆதி உணவு’ இருந்ததே இல்லை. கிடைத்ததைத் தின்று பிழைக்கும் திறமைதான் மனிதனுக்கு வாய்த்த தழுவல்.

மீன் கொழுப்பும் 2016இன் பொய்த் தலைப்பும்

மூளைக்கும் கண்ணுக்கும் நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்புகள் தேவை. சாளையிலும் அயிலையிலும் இவை தயாராகவே கிடைக்கின்றன. ஆளிவிதை, கீரை போன்றவற்றில் இருப்பது குட்டைச் சங்கிலிக் கொழுப்பு. அதை நீட்டித்துக்கொள்ள உடலில் சில நொதிகள் உண்டு, அவற்றைச் செய்வது எஃப்ஏடிஎஸ் மரபணுக்கள். இந்த நொதிகள் வேகமாக வேலை செய்தால் மீன் தின்னாதவரும் சமாளித்துக்கொள்ளலாம்.

2015இல் இன்யூட் மக்களின் மரபணுவை ஆராய்ந்தபோது, அவர்களிடம் இந்த மரபணுப் பகுதி மெதுவாக வேலை செய்யும் வகையாக மாறியிருந்தது தெரிந்தது. சாப்பாட்டிலேயே போதுமான அளவு வந்துவிடும்போது உடல் எதற்கு மெனக்கெட வேண்டும்? 2016இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு நேர் எதிர்த் திசையைக் காட்டியது. புனேயில் தலைமுறையாகச் சைவம் உண்பவர்களில் 68 சதவீதம் பேரிடம் வேகமான வகை இரட்டையாக (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும்) இருந்தது. அமெரிக்காவின் கன்சாஸில் 18 சதவீதம்தான். தெற்காசியா முழுக்கப் பார்த்தாலும் சுமார் 70 சதவீதம் வந்தது.

உடனே வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில ‘சைவ உணவு மரபணுவை மாற்றிப் புற்றுநோய் தரும்’ என்று தலைப்புப் போட்டன. ஆய்வு அப்படிச் சொல்லவேயில்லை. யாரும் சைவம் சாப்பிட்டதால் அவர் மரபணு மாறிவிடாது. ஏற்கெனவே இருந்த ஒரு வகை, பல நூறு தலைமுறைகளில் கூட்டத்தில் கூடியது. ஆய்வாளர்கள் சொன்ன எச்சரிக்கை வேறு. இதே நொதி ஒமேகா-6 கொழுப்பையும் நீட்டித்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களுக்கு மூலமான அரகிடோனிக் அமிலமாக்கும். அதனால் வேகமான வகை உள்ளவர்கள் சூரியகாந்தி போன்ற ஒமேகா-6 மிகுந்த எண்ணெய்களைக் கொட்டிச் சமைத்தால் தராசு அந்தப் பக்கம் சாயலாம் என்றார்கள். இதுவும் ஒரு கருதுகோள்தான்.

குமரி மாவட்டத்துச் சமையலுக்கு இதை எப்படிப் பொருத்துவது? இங்கே தலைமுறைகளாகப் புழங்குவது தேங்காயெண்ணெய். அதில் ஒமேகா-6 மிகக் குறைவு, ஒமேகா-3 கிட்டத்தட்ட இல்லை, சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கார்னெல் குழு கவலைப்பட்ட சாய்வு இதில் வராது. ஆனால் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ஏற்றும் என்ற வேறொரு கவலை உண்டு, அதைப் பல பரிசோதனைகள் உறுதி செய்திருக்கின்றன. ‘தேங்காயெண்ணெய் அமுதம்’ என்று எழுதுபவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் கரையேறும் சாளையைக் குழம்பு வைத்துத் தின்பது, மரபணு எந்த வகையானாலும் நல்லதே. எண்ணெயில் முறுகப் பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பங்கு போய், சட்டி எண்ணெய் உள்ளே ஏறும்.

பாலைப் பற்றி இங்கே ஒரே பத்தி போதும். வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் லாக்டேஸ் வகை இந்தியாவின் வடமேற்கில் அதிகம், தெற்கே வரவரக் குறைவு. ஐரோப்பியரிடமிருக்கும் அதே மாற்றம்தான் இந்தியர்களிடமும் இருக்கிறது என்று 2012இல் கண்டறிந்தார்கள். பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்பவர்களுக்குத் தயிரும் மோரும் ஒத்துப்போகும், லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்னமே தின்றுவிடுவதால்.

மரச்சீனி: மரபணு செய்யாததை அடுப்பு செய்தது

இப்போது உள்ளூர் விஷயத்துக்கு வருவோம். மரச்சீனியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. அதைத் திருவிதாங்கூர் முழுக்கச் சாப்பாடாகப் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைய குமரி மாவட்டமும் அப்போது திருவிதாங்கூர் பகுதிதான், 1949இல் அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாகி, 1956 நவம்பர் 1இல்தான் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிப் பற்றாக்குறை நாடான திருவிதாங்கூரில் பலரின் வயிற்றைக் காப்பாற்றியது இந்தக் கிழங்கு.

கணக்குப் போட்டால் ஐந்தாறு தலைமுறைக்கு மேல் இல்லை. ஒரு புது மரபணு வகை பிறந்து கூட்டம் முழுக்கப் பரவ இது மிகமிகக் குறைந்த காலம். ஆகவே ‘மரச்சீனிக்கு நம் மரபணு பழகிவிட்டது’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் பழைய திறன் ஏற்கெனவே இருந்தது, புதுக்கிழங்கு அதில் வந்து ஏறிக்கொண்டது. ஆனால் மரச்சீனியில் மாவுச்சத்து மட்டும் இல்லை, லினமரின் என்ற பொருளும் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் செல்கள் உடைந்து, கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி லினமரினைத் தொட்டு, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். கசப்பு வகைகளில் இது கூடுதல். தோலிலும் இலையிலும் சதையைவிட அதிகம்.

இந்த விஷத்தை மனிதர்கள் சமாளித்தது மரபணுவால் அல்ல, கைப்பழக்கத்தால். நம் வீட்டு முறையை வரிசையாகப் பார்த்தால் வேதியியல் புரியும்:

1. மேல்தோலோடு உள்ளே இருக்கும் கெட்டியான தோலையும் உரித்து எறிகிறோம். விஷத்தில் கணிசமான பங்கு அதோடு போய்விடும்.

2. துண்டு போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, பெரும்பாலும் மூடாமல் வேகவைக்கிறோம். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகும் பொருள், கொதியில் அது நிற்காது.

3. வெந்த தண்ணீரை வடித்து ஊற்றுகிறோம். கரைந்திருக்கும் லினமரினும் அதோடு வெளியேறும். சில வீடுகளில் ஒரு கொதி வந்ததும் தண்ணீரை மாற்றி மறுபடி வேகவைப்பார்கள், அது இன்னும் பத்திரம். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரோடேயே மசிக்கும் புதுப்பழக்கம் இந்த மூன்றாவது படியை இல்லாமல் ஆக்குகிறது. சந்தையில் கிடைக்கும் இனிப்பு வகைகளில் ஆபத்து சிறிதுதான் என்றாலும், வடிப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

4. கூடவே மீன் குழம்பு. நான் மிகவும் ரசிக்கும் படி இதுதான். உள்ளே போன மிச்சச் சயனைடை உடல் தையோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்த வேலைக்குக் கந்தகம் வேண்டும், அது புரதத்திலுள்ள மெதியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. மரச்சீனியில் புரதமே சொற்பம், மீனில் தாராளம். தையோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும் குணம் கொண்டது, கடல்மீனில் அயோடினும் உண்டு. யாரும் ஆய்வகத்தில் கணக்குப் போட்டு இந்தச் சோடியைச் சேர்க்கவில்லை, கரையோரத்தில் மலிவாகக் கிடைத்தவை இரண்டும் ஒரே தட்டில் விழுந்தன.

மீன் இல்லாத, பருப்பும் இல்லாத வெறும் கிழங்கு என்ன செய்யும் என்பதை ஆப்பிரிக்காவில் பார்க்கலாம். காங்கோ, மொசாம்பிக் போன்ற நாடுகளில் வறட்சியும் போரும் வந்து, கசப்புக் கிழங்கை அரைகுறையாகப் பதப்படுத்தித் தின்ற காலங்களில் கோன்சோ என்ற நோய் பரவியது. கால்கள் திடீரென விறைத்துப்போகும், திரும்பாது. பாதிக்கப்பட்டவர்கள் அதிகமும் புரதம் கிடைக்காத பெண்களும் குழந்தைகளும்தான்.

மரச்சீனிதான் சர்க்கரைக்குக் காரணமா?

இந்தச் சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 1959இல் இந்தோனேசியாவிலும், பிறகு பெருமளவில் கேரளத்திலும், ஒல்லியான இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் உண்டாகி, கடும் வயிற்றுவலியும் சர்க்கரையும் வரும் நோயை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இரண்டு இடத்திலும் ஏழைகள் மரச்சீனி தின்றார்கள். சயனைடுதான் கணையத்தைக் கெடுக்கிறது என்ற ஊகம் எழுந்து பல ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் இருந்தது. பின்னால் மரச்சீனியே புழங்காத இடங்களிலும் இதே நோய் தென்பட்டது. 2000க்குப் பிறகு, இந்த நோயாளிகளில் கணிசமானவர்களிடம் கணையத்தைத் தன் நொதிகளிடமிருந்தே காக்கும் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் குறை இருப்பது தெரிந்தது. மரச்சீனி மீதான குற்றச்சாட்டு இப்போது மிகவும் பலவீனமாகிவிட்டது.

2025இன் ‘ஐந்தாம் வகை’ச் செய்தியும் இந்தப் பழைய வரலாற்றின் தொடர்ச்சியே. ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவு என்று ஒரு தனி வகையை உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஏற்று, 1999இல் ஆதாரம் போதாது என்று நீக்கியது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட சிறிய, ஆனால் நுணுக்கமான ஆய்வில், இந்த ஒல்லி நோயாளிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் உடல் அதற்குக் கட்டுப்படாத நிலை) பெரிதாக இல்லை, இன்சுலின் சுரப்பே குறைவு என்று காட்டினார்கள். அதன் பிறகுதான் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு பாங்காக் மாநாட்டில் பெயர் சூட்டியது. உலகில் 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

அப்படியானால் நமக்குச் சர்க்கரை ஏன் இவ்வளவு?

2023இல் வெளியான, நாடு தழுவிய ஐசிஎம்ஆர்-இந்தியாப் நீரிழிவு ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். கோவா, புதுச்சேரிக்கு அடுத்து கேரளத்தில் 25.5 சதவீதம். சாப்பாட்டில் கேரளத்தோடு இத்தனை நெருக்கமான குமரி மாவட்டத்துக்காரர்கள் அந்த எண்ணைப் பக்கத்து வீட்டுச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பஞ்ச காலத்தில் கொழுப்பைச் சேமிக்க உதவிய ‘சிக்கன மரபணு’ இப்போது வினையாகிவிட்டது என்று 1962இல் அமெரிக்க மரபியலர் ஜேம்ஸ் நீல் சொன்னார். கேட்க அழகான கதை. அறுபது ஆண்டுகள் தேடியும் அப்படி ஒரு தனி மரபணு இந்தியர்களிடம் பிடிபடவில்லை. அதைவிட உறுதியான ஆதாரம் கருப்பையிலிருந்து வருகிறது. புனே அருகே கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக் குழு 1993இல் தொடங்கிய ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சுமார் 3.5 கிலோ. எடை குறைந்தாலும் தோலடிக் கொழுப்பு அதே அளவு குறையவில்லை, குறைந்தது தசைதான். அதே யாஜ்னிக் தன்னையும் பிரிட்டிஷ் நண்பர் யுட்கினையும் ஒப்பிட்டு 2004இல் ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறை எண் (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) 22.3. கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள்ளே கொழுப்பு.

தசை குறைந்தால் என்ன? சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசை. களஞ்சியம் சின்னதாக இருந்தால், அதே அளவு சோறும் வெளியே வழியும். பனையேறியவர், கட்டுமரம் தள்ளியவர், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர் ஆகியோரின் தசை அந்தக் களஞ்சியத்தைத் தினம் காலி செய்துகொண்டே இருந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், தட்டில் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

ஒரு நுணுக்கம். உழைப்பு குறைந்ததால் கலோரிச் செலவு குறைந்து உடல் பருக்கிறது என்று சொல்வதுண்டு. 34 சமூகங்களைச் சேர்ந்த 4,213 பேரை அளந்த 2025ஆம் ஆண்டு ஆய்வு, நாடுகளுக்கிடையேயான பருமன் வேறுபாட்டில் செலவின் பங்கு சிறிது, சாப்பாட்டின் பங்குதான் பெரிது என்கிறது. நடப்பதும் பாரம் தூக்குவதும் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. சர்க்கரையைத் தசைக்குள் இழுக்க அவை அவசியம். எடையை அவை மட்டுமே இறக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவ்வளவே.

சரி, தட்டில் எதை மாற்றுவது?

1. பச்சை மரச்சீனி 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 38 கிராம், புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. கால் கிலோ கிழங்கை ஒரு கட்டன்சாயாவோடு (பாலில்லாத தேநீர்) முடித்தால் அது வெறும் மாவுச்சத்து. அதில் பாதியைக் குறைத்து, 100 கிராம் சாளை சேர்த்தால் சுமார் 20 கிராம் புரதம் வந்துவிடும். மீன் தின்னாதவர்களுக்குச் சிறுபயறு இருக்கிறது, கஞ்சியும் பயறும் இந்த ஊருக்குப் புதிதா என்ன?

2. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, அல்லது சிறுதானியம் என்ற மாற்று மட்டும் போதாது. மொத்த மாவுச்சத்து குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது 2025 ஐசிஎம்ஆர் ஆய்வு. கலோரியில் வெறும் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்து, பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே அபாயம் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. ராத்திரி சோற்றை விட்டு மூன்று சப்பாத்தி தின்று திருப்திப்படுகிறவர்கள் கவனிக்க.

3. மரச்சீனியும் சோறும் ஒரே வேளையில் வேண்டாம். கிழங்கு காய்கறி இல்லை, அது இன்னொரு சோறு. ஏத்தங்காய் சிப்ஸும் அந்தக் கணக்கில்தான் வரும், எண்ணெய் கூடுதல்.

4. எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம், இடுப்பையும் அளந்து பாருங்கள். இந்தியர்களுக்கு எல்லை ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80. உடல் நிறை எண் 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25 அல்ல.

5. கர்ப்பிணியின் சாப்பாட்டில் புரதம் குறைந்தால் அதன் விலை பல ஆண்டு கழித்துப் பிள்ளையிடம் தெரியவரலாம். குடும்பத்தில் மீன் துண்டு யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கு இதுவே ஒரு விடை.

6. முப்பது வயதுக்குள், ஒல்லியான உடம்பில் சர்க்கரை வந்தால் அதை வழக்கமான இரண்டாம் வகை என்று எடுத்துக்கொண்டு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டாம். முதல் வகையைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி பரிசோதனை, உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் பரிசோதனை, கணையத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் ஆகிய மூன்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்தாம் வகையாக இருந்தால் சிகிச்சை மாறும். சாப்பாடே சரியாகக் கிடைக்காத ஒருவருக்கு அதிக அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் தரும் சிகிச்சையோடு, போதுமான புரதத்தோடு வயிறு நிறையச் சாப்பாடும் அவர்களுக்கு அவசியம்.